சாவி கொடுக்கிறவர்களே, பட்டா எங்கே?

அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய ஒரு பெரிய சாவி. அதன் ஒரு முனையை டிரஸ்ட் தலைவர் பிடித்திருப்பார், மறுமுனையை ஒரு பாட்டி பிடித்திருப்பார். பின்னால் புதுசாய் வெள்ளையடித்த வீடு. வாசலில் சலவைக்கல், அதில் நன்கொடையாளர் பேர், அவர் அப்பா பேர், திறந்து வைத்தவர் பேர். குடியிருக்கப்போகிற பாட்டியின் பேர் மட்டும் எங்கேயும் இருக்காது. மறுநாள் பேப்பரில் 'ஏழைகளுக்கு வீடு வழங்கும் விழா' என்று செய்தி வரும். நாமும் நல்ல மனசுக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்விதான் வரும். வீடு சரி, அது நிற்கிற மண் யார் பேரில்?

பி.காம். படிக்கிறவனின் வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: ஒரு சொத்து யாருடைய இருப்புநிலைக் குறிப்பில் வருகிறதோ அவருடையது. டிரஸ்ட்டின் கணக்கில் 'நிலம், கட்டடம்' என்ற தலைப்பில் அந்த வீடு உட்கார்ந்திருந்தால் பாட்டிக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவர் அங்கே இருக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். அனுமதி என்பது கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதுதான். மண்ணை எழுதிக் கொடுக்காமல் வீட்டை மட்டும் கட்டிக் கொடுப்பது பாதி தர்மம்கூட இல்லை. சில இடங்களில் அது விலங்கு. கடுமையாக இருக்கிறதா? கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

குடிசையின் மண் எஜமானுடையது

1891ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்த அறிக்கையைக் குறிப்பிடுவார்கள். 1892ல் வந்த அரசாணையும் அதன்பின் ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களும் இதிலிருந்து வந்தவை. ஆனால் அதில் வயல் பற்றி மட்டும் இல்லை, வீட்டு மனை பற்றியும் இருக்கிறது. சேரியில் கூலிக்காரர் குடிசை போட்டிருக்கும் அந்தத் துண்டு மண்கூட மிராசுதாருடையது. கூலி போதாது என்றோ வேறு இடத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்றோ வாய் திறந்தால், 'அப்படியானால் குடிசையைப் பிரி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அடிக்கவும் வேண்டாம், கோர்ட்டுக்குப் போகவும் வேண்டாம்.

குடியிருக்கும் மண் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் குடியிருப்பவரின் வாயும் இருக்கிறது. இது தத்துவம் இல்லை, தஞ்சாவூர் டெல்டா பல தலைமுறையாக அனுபவித்த நடைமுறை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதும் சங்கம் வைத்ததும்தான். கீழ்க்கோர்ட்டு கொடுத்த தண்டனையும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

1971ல் தமிழ்நாட்டில் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடியிருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம். கேரளத்தில் குடிகிடப்புக்காரர்களுக்கு இதே மாதிரி உரிமை 1970லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தச் சட்டங்கள் யாருக்கும் ஒரு செங்கல்கூடக் கொடுக்கவில்லை. குடிசை பழைய குடிசையேதான், கூரை பழைய கூரையேதான். ஆனால் 'பிரி' என்று சொல்லும் அதிகாரம் போனது. எத்தனை சலவைக்கல் வீடுகள் சேர்ந்தாலும் அந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகுமா என்று யோசித்துப் பாருங்கள்.

லாஃப்டி: முதலில் மண், அப்புறம் வீடு

கீழ்வெண்மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் போய்த் தங்கிய ஒரு தம்பதியின் கதை நம் பாடப் புத்தகங்களில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். சங்கரலிங்கம் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். இருவரும் காந்தியவாதிகள். வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். கிருஷ்ணம்மாள் 1926ல் திண்டுக்கல் பக்கம் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்து, அந்தக் காலத்திலேயே கல்லூரி வரை படித்தவர். வயதில் நம் பாட்டிகளுக்கே அக்கா.

பூமிதானம் என்பது 1951ல் போச்சம்பள்ளியில் தொடங்கிய இயக்கம். நிலம் வைத்திருப்பவரிடம் மனசு மாறிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பது. கொடுத்தார்கள்தான். ஆனால் வந்ததில் தரிசும் பாறையும் வழக்கில் கிடந்ததும் ஏராளம். தானம் கொடுப்பவர் தனக்கு வேண்டாததைத்தான் முதலில் கொடுப்பார் என்பது மனித சுபாவம். வீட்டில் பழைய துணி கொடுக்கும்போது நாம் செய்வதும் அதுதானே :)

இந்த அனுபவத்துக்குப் பிறகு 1981ல் இருவரும் தொடங்கியதுதான் லாஃப்டி. உழுபவருக்கு நில விடுதலை என்பது அந்தப் பேரின் சுருக்கமான அர்த்தம். இதன் வழி வணிகம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய வழி. தானம் கேட்பதை விட்டுவிட்டு நிலத்தை விலை பேசினார்கள். விற்க நினைக்கும் நிலக்காரரையும் நிலமில்லாத கூலிகளையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து நியாயமான விலை பேசுவது, அதற்குக் கடன் வாங்கித் தருவது, எல்லோரும் சேர்ந்து பயிர் செய்து கடனை அடைப்பது. தொடக்கத்தில் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின, பத்திரப் பதிவுச் செலவு வேறு எகிறியது. ஆனாலும் விடவில்லை. 2007 வாக்கில் சுமார் 13,000 ஏக்கர் சுமார் 13,000 குடும்பங்களுக்குக் கைமாறியிருந்தது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற கணக்கு. அதுவும் பெண்கள் பேரில்.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். பெண்கள் பேரில். டாஸ்மாக் வாசலில் அடகுக்குப் போகாத பத்திரம் வேண்டும் என்றால் யார் பேரில் எழுத வேண்டும் என்பது கிருஷ்ணம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

வீடு இதற்கு அப்புறம்தான் வருகிறது. டெல்டாவில் வெள்ளம் வருஷா வருஷம் வரும் விருந்தாளி. மண் சுவர் ஒரே மழையில் கரையும். நிலம் கிடைத்த குடும்பம் அடுத்த மழையில் நடுத்தெருவில் நின்றால் நிலமும் கை நழுவும். அதனால் செங்கல் அறுப்பது, கொத்து வேலை, தச்சு வேலை என்று அங்கேயே கற்றுக்கொடுத்து, குடிசை இருந்த இடத்தில் செங்கல் வீடு எழுப்பும் வேலையை லாஃப்டி கையில் எடுத்தது. குடியிருக்கப்போகிறவர்களின் உழைப்பும் அதில் சேர்ந்தது. 2008ல் இந்தத் தம்பதிக்கும் லாஃப்டிக்கும் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013ல் மறைந்தார். கிருஷ்ணம்மாளுக்கு 2020ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

நான் இங்கே விருதுப் பட்டியல் போட வரவில்லை. வரிசையைப் பாருங்கள் என்கிறேன். முதலில் மண், பிறகு பத்திரம், பிறகு செங்கல். சாவி விழா நடத்துகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் இரண்டையும் மறந்தே போகிறார்கள்.

லண்டன் மாதிரியைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம்

'வெளிநாட்டில் எல்லாம் அறக்கட்டளைகள்தான் வீடு கட்டுகின்றன, எவ்வளவு ஒழுங்கு!' என்று ஒரு கட்சி உண்டு. அந்த ஒழுங்கு எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம்.

1862ல் ஜார்ஜ் பீபடி என்ற அமெரிக்க வங்கிக்காரர் லண்டன் ஏழைகளுக்கு 1,50,000 பவுண்டு கொடுத்தார். பிறகு அது 5,00,000 வரை உயர்ந்தது. முதல் குடியிருப்பு 1864ல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் திறந்தது. காற்றோட்டம், தண்ணீர், துணி துவைக்க இடம்... அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் விதிகளைப் பாருங்கள். வார வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், பாக்கி கூடாது. அம்மைத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு கேட் பூட்டப்படும். சுவரில் காகிதம்கூட ஒட்டக்கூடாது.

விளைவு என்ன? துறைமுகத்தில் இன்று வேலை, நாளை பட்டினி என்று வாழ்ந்தவரால் முன்பணம் கட்ட முடியாது. நிரந்தர வேலையும் ஒழுங்கான சம்பளமும் உள்ள தொழிலாளிகள்தான் உள்ளே போனார்கள். 'லண்டன் ஏழைகளுக்கு' என்று எழுதிய பணம், ஏழைகளில் கொஞ்சம் வசதியானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அமைப்பு இன்று 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வைத்திருக்கிறது. வீடு வாடகைதாரருக்குச் சொந்தமானதா? இல்லை. அமைப்பு வளர்ந்தது, குடியிருப்பவர் குடியிருப்பவராகவே இருக்கிறார்.

தர்மம் செய்கிறவர் வீட்டுக்காரராகவும் இருந்தால் விதி எழுதும் பேனா அவரிடமே இருக்கும். தடுப்பூசி நல்லது, சுத்தம் நல்லது. ஆனால் நீங்களும் நானும் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று நமக்கு வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் மேனேஜர் சொன்னால் கேட்போமா? ஏழை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

நம்ம மலைப் பக்கம்

லண்டனை விடுங்கள். பேச்சிப்பாறை அணை 1906ல் முடிந்தது. அணையைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டு மீன் பொரியல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதைச் சுற்றி யார் யார் எந்த மண்ணில் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் இந்தக் கட்டுரையின் எல்லா அத்தியாயமும் இங்கேயே கிடைக்கும்.

ரப்பர் தோட்டங்களின் லைன் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தர வேண்டியது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை போனால் வீடும் போகும். முப்பது நாற்பது வருஷம் பால் வெட்டியவர் ஓய்வு பெறுகிற நாளில் அவருக்கு வயதும் இருக்கும், முட்டுவலியும் இருக்கும், வீடு மட்டும் இருக்காது. நம் மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் 1964ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்து வந்தவர்களுக்கு இங்கே ரப்பர் தோட்டத்து லைன். கடல் தாண்டியும் சொந்த மண் கிடைக்கவில்லை.

பக்கத்து மாவட்டத்து மாஞ்சோலையில் இது எங்கே போய் முடிந்தது என்று 2024ல் பார்த்தோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலையில் திருநெல்வேலிக்கு ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் உயிரை விட்டார்கள். குத்தகை முடியும் முன்னாலேயே, 2024ல், கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து எஸ்டேட்டை மூடியது. நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டில் இருந்தவர்களிடம் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு காகிதம் இல்லை. நாலு தலைமுறை!

அடுத்தது கடற்கரை. 2004 சுனாமியில் நம் மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எத்தனை ஊர் அழிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தொண்டு நிறுவனங்கள் வரிசையில் நின்றன. 2005 மார்ச்சில் வந்த அரசாணை அந்த நிறுவனங்களை வீடு கட்ட அழைத்தது. சுமார் 325 சதுர அடி, ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பு. கணவன், மனைவி இருவர் பேரிலும் வீடு என்றது. இது மிக நல்ல விஷயம், கை தட்டலாம். ஆனால் அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது. கடலில் இருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர் தள்ளிப்போய்ப் புது வீடு வாங்கிக்கொண்டால், பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டுமரமும் வலையும் கண்ணில் படும் தூரத்தில் இருந்த மண்ணைக் கொடுத்துவிட்டு உள்ளே ஒரு வீடு. வணிகத்தில் இதற்குப் பேர் பரிமாற்றம். தானம் என்று இதை யாராவது சொன்னால் என் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார்.

'கொடுத்தால் வித்துருவாங்க'

இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் முதல் பதில் இது. பத்திரத்தைக் கையில் கொடுத்தால் குடித்தே அழிப்பான், விற்றுவிட்டு மறுபடி குடிசை போடுவான், அதனால் டிரஸ்ட் பேரிலேயே இருப்பதுதான் ஏழைக்குப் பாதுகாப்பு என்பார்கள்.

இதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மூடி மறைக்க மாட்டேன். இங்கிலாந்தில் 1980ல் தாட்சர் அரசு, உள்ளாட்சி வீட்டில் குடியிருப்பவர் அதைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டது. 20 லட்சத்தை ஒட்டிய வீடுகள் இப்படிக் கைமாறின. அவற்றில் நிறைய வீடுகள் பிறகு தனியாரிடம் போய் அதிக வாடகைக்கு வந்தன, ஏழைக்கு மிஞ்சிய வீடுகள் குறைந்தன. பஞ்சமி நிலமும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கப்பட்டது. அப்படியும் எவ்வளவோ நிலம் பிறர் கைக்குப் போய்விட்டது. நிபந்தனையை எழுதினால் போதாது, அதைக் காவல் காக்க ஆள் வேண்டும் என்பதுதான் அதில் பாடம்.

ஆனால் இதற்குத் தீர்வு ஏழையிடம் காகிதமே கொடுக்காமல் இருப்பதா? நம் பேச்சிப்பாறை மலையில் உள்ள காணி மக்களுக்குப் பொருந்தும் 2006 வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். அதன்படி கொடுக்கும் உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது, திருமணமானவர் என்றால் கணவன் மனைவி இருவர் பேரிலும் பதிய வேண்டும். விரட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. இரண்டு பயத்துக்கும் ஒரே வரியில் பதில்! சட்டத்தை எழுதத் தெரிந்திருக்கிறது. நடைமுறைக்கு வரும்போதுதான் வழக்கு, தடை, தாமதம் என்று தமிழ்நாட்டில் வருஷங்கள் ஓடின.

இன்னொன்று. தான் வாங்கிய மனையை ஒருவர் மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ விற்றால் நாம் அவரைக் குடிகாரர் என்று சொல்வதில்லை, 'பாவம், கஷ்டம்' என்கிறோம். தர்மமாய் வந்த வீட்டுக்காரர் அதையே செய்தால் மட்டும் துரோகி. கொடுத்த பிறகும் அது நம்முடையது என்ற நினைப்பு நமக்குள் ஒளிந்திருப்பதால்தான் இப்படித் தோன்றுகிறது.

இரண்டாவது பதில், 'எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்' என்பது. 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் தருகிறது. நல்ல தொகை. ஆனால் சொந்த மண் இருப்பவருக்குத்தான் அந்த வாசல் திறக்கும். புறம்போக்கில் இருப்பவரும் லைன் வீட்டில் இருப்பவரும் வாசலுக்கு வெளியேதான். மண் இல்லாதவருக்கு அரசு வீடும் கிடைக்காது என்றால், தொண்டு நிறுவனம் நிரப்ப வேண்டிய இடம் எது? செங்கல்லா, மண்ணா? அரசு பணம் தரும் இடத்தில் போய்ச் சலவைக்கல் நடுவதைவிட, அரசு கை வைக்காத இடத்தில் நிலம் வாங்கிப் பதிவு செய்து கொடுப்பது ஆயிரம் மடங்கு பிரயோஜனம். நாகப்பட்டினத்தில் ஒரு வயசான அம்மா அதைத்தான் செய்து காட்டினார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம் கல்லூரிகளிலும் வருஷா வருஷம் ஏதாவது வீட்டு நிதிக்கு உண்டியல் வரும். போடுங்கள், போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போடும் முன் கேளுங்கள்.

ஒன்று, பத்திரம் யார் பேரில்? 'பிறகு மாற்றித் தருவோம்' என்றால் எந்தத் தேதியில்?

இரண்டு, வீட்டுப் பெண்ணின் பேர் அதில் இருக்கிறதா?

மூன்று, குடியிருக்கப்போகிறவரை யாராவது ஒரு தடவையாவது கேட்டார்களா, இடம் எது வேண்டும், அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்று?

நான்கு, புது வீட்டுக்குப் பதிலாக அவர் எதையாவது விட்டுக்கொடுத்தாரா?

ஐந்து, டிரஸ்ட் நாளைக்கே இழுத்து மூடப்பட்டால் அந்தக் குடும்பம் எங்கே இருக்கும்?

இந்த ஐந்துக்கும் நேராகப் பதில் சொல்லும் அமைப்புக்கு என் பாக்கெட் மணியை யோசிக்காமல் கொடுப்பேன். பதில் சொல்லத் தயங்கும் அமைப்பு சாவியை எவ்வளவு பெரிய அட்டையில் வெட்டினாலும் சரி, அது அவர்களுடைய வீட்டுச் சாவிதான். ஒரு நாள் திருப்பிக் கேட்பார்கள்.

டிஸ்கி: 'நல்லது செய்கிறவர்களையும் குறை சொல்கிறாயே' என்று திட்ட வருபவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது உங்களுக்குப் பிடித்த டிரஸ்ட்டின் ஒரு பத்திர நகலையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து படிப்போம் :)